அமுதவல்லியின் தொட்டிகள்

நெல்லித்தோப்பு
9.3.2025

ரூபி,

நலமா என்று கேட்கிற வேலையை நம் மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் ஆயிரத்து நூறு பேர் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் தொட்டிகள் எங்கே?

போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ அழுவாய். நீ அழுதால் நான் இளகிப்போவேன், ஏழு வருஷமாக அதுதான் நடக்கிறது. அதற்காகத்தான் உன் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டுத் தபாலில் கேட்கிறேன். நீ காகிதத்தில் எவ்வளவு அழுதாலும் எனக்குக் கேட்காது.

போன திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தேன். இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி. இரண்டு கிட்னியும் இனி வேலைக்கு ஆகாது என்று சொல்லி, வயிற்றில் ஒரு குழாய் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். வீட்டிலேயே ஒரு நாளைக்கு நாலு தடவை பை மாட்டி, மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட்டு வெளியே எடுக்க வேண்டும். அதை என் வீட்டுக்காரர் கற்றுக்கொண்டு வந்து செய்கிறார். மகள் சரிதா காரைக்காலில் கைக்குழந்தையோடு இருக்கிறாள், அவளால் வர முடியாது. இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்ததெல்லாம் குழுவுக்கும் தெரியும்.

வியாழக்கிழமை அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து மாடிக்கு ஏறினேன். பதினாறு படி. நாலு இடத்தில் உட்கார்ந்தேன். மேலே போய்க் கதவைத் திறந்தால் மாடி மொட்டையாகக் கிடக்கிறது. நூற்று நாற்பத்து மூன்று தொட்டியில் ஒன்றுகூட இல்லை. நாலு பேர் பிடித்தால்தான் நகரும் எலுமிச்சை டிரம்மையும் காணோம். வேறு வீட்டு மாடிக்கு ஏறிவிட்டேனா என்றுகூட நினைத்தேன்.

அவர் வந்ததும் கேட்டேன். "அந்தக் குரூப்காரங்க வந்தாங்க, எடுத்துக்கினு போனாங்க. எனக்கு இன்னா தெரியும்?" என்றார்.

அப்புறம்தான் போனைத் திறந்து பார்த்தேன். பிப்ரவரி இருபத்து மூன்று, ஞாயிற்றுக்கிழமை. குழுவில் நீ போட்ட வீடியோ. என் மாடியில் முப்பது பேர். டீ, சமோசா. என் சமையலறைக் குண்டானில் துண்டுச் சீட்டுப் போட்டு நீ குலுக்குகிறாய். "அக்காவோட நித்தியமல்லி யாருக்குன்னு பாப்போமா?" என்று கேட்கிறாய். எல்லாரும் கை தட்டுகிறார்கள். நீ சிரிக்கிற சிரிப்பை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

ஒருவர் ஊர் மாறினால், நோயில் விழுந்தால், அவர் செடிகளை மற்றவர்கள் தத்து எடுத்துப் பார்த்துக்கொள்வது நம் குழு வழக்கம்தான். அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவளே நான்தான். ஆனால் கேட்டுவிட்டு எடுப்போம். செத்துப்போனவர் வீட்டில்கூடப் பிள்ளைகளைக் கேட்டுவிட்டுத்தான் எடுத்தோம். நான் உயிரோடு, பேசுகிற நிலையில், நாலு கிலோமீட்டர் தூரத்தில் படுத்திருந்தேன்.

வாய் பிளந்து தூங்குகிற என் ஆஸ்பத்திரிப் படத்தைக் குழுவில் போட்டதற்கு வேறொரு நாள் கேட்டுக்கொள்கிறேன். இந்த மாசம் முடிவதற்குள் என் தொட்டிகள் மாடியில் இருக்க வேண்டும்.

அமுதவல்லி


லாஸ்பேட்டை
15.3.2025

அன்புள்ள அமுதவல்லி அக்கா,

ஆபீஸ் விட்டு வந்தபோது கேட்டில் உங்கள் கடிதம் செருகியிருந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிரித்தேன். பிரித்த பிறகு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா வந்து "யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்கும் அளவுக்கு இருந்தது என் முகம். நீங்கள் நினைத்தபடியே அழுதேன்தான். உங்களுக்குக் கேட்கவில்லை அல்லவா, அதுவரை நல்லது.

வீடியோ போட்டது தப்பு. சிரித்தது தப்பு. படம் போட்டது அதைவிடப் பெரிய தப்பு. மூன்றையும் ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? உங்களுக்கு ரத்தம் வேண்டும் என்று குழுவில் போட்டேன், நாற்பது நிமிஷத்தில் நாலு பேர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். கார் வேண்டும் என்றேன், மூன்று கார். மாதா கோயில் பூசைக்கு உங்கள் பெயரைக் கொடுத்தேன், கோயிலுக்கே வராதவர்கள் வந்து நின்றார்கள். ஆபீசில் பத்தொன்பது வருஷமாகக் கோப்பு தள்ளுகிறேன் அக்கா, நான் சொல்லி ஒரு விசிறியைக்கூட மாற்ற மாட்டார்கள். இங்கே நான் ஒரு வரி எழுதினால் ஊரே எழுந்து வருகிறது. அது தலைக்கு ஏறிவிட்டது. ஏறியது உண்மை.

ஆனால் செடிகளை எடுத்தது, நீங்கள் சொல்கிற மாதிரி உங்களைச் செத்தவர் கணக்கில் வைத்து அல்ல. தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கத்தரி எல்லாம் தலை தொங்கிவிட்டது. ஏன் உங்களைக் கேட்கவில்லை என்றால், அதற்கு என்னால் இப்போது பதில் எழுத முடியாது. எழுதக்கூடாத சில விஷயங்கள் இருக்கின்றன. அதை மட்டும் தோண்டாதீர்கள்.

தவக்காலம் நடக்கிறது. மீன், கறி எதுவும் தொடுவதில்லை. இந்த வருஷம் அதை உங்கள் பேரில்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் இதற்கும் ஏதாவது சொல்வீர்கள், சொல்லுங்கள்.

தொட்டிகளைத் திரும்பக் கேட்டு வாங்குகிறேன். கொஞ்சம் நாள் கொடுங்கள்.

உங்கள் ரூபி


நெல்லித்தோப்பு
21.3.2025

ரூபி,

என் பேரில் நீ கறி தின்னாமல் இருப்பதால் என் கிட்னிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நன்றாகச் சாப்பிடு. தொட்டி தூக்கத் தெம்பு வேண்டும்.

நீ பெருமையாக எழுதியிருக்கிறாய், ரத்தம் கொடுக்க நாலு பேர் வந்தார்கள் என்று. அதில் இரண்டு பேர் ரத்தம்தான் ஏற்றினார்கள். அந்த இரண்டு பேரும் குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை, தேடிப் பார்த்துவிட்டேன். எழுதியவர்கள் எல்லாம் வேறு ஆட்கள். ஒருவர் மூக்கிரட்டைக் கீரையை அரைத்துக் குடிக்கச் சொல்கிறார். ஒருவர் பீன்ஸ் வேகவைத்த தண்ணீர். ஒரு அம்மா வாழைத்தண்டுச் சாறு, தினம் ஒரு சொம்பு. எனக்கு ஒரு நாளைக்கு மொத்தமே முக்கால் லிட்டர்தான் குடிக்க விட்டிருக்கிறார்கள். இவர்கள் சொன்னதை எல்லாம் குடித்திருந்தால் உன் குலுக்கல் பொருத்தமாகவே அமைந்திருக்கும். நானூற்றுச் சொச்சம் பேர் கும்பிட்ட கை படம் போட்டிருக்கிறார்கள். முதல் ஐம்பதுக்கு எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. யாருக்குத்தான் இருக்காது.

நான் சொல்வது இதுதான். டாக்டர் கிட்னி போய்விட்டது என்று ஜனவரியில் சொன்னதும் நான் யாரிடம் முதலில் சொன்னேன்? அவரிடம் இல்லை. சரிதாவிடம் இல்லை. உன்னிடம். மறுநாள் இங்கே மேட்டுப்பாளையத்தில் கம்பெனி ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்று, பாட்டில் மூடி அடுக்கிய கையைக்கூடக் கழுவாமல் உனக்குப் போன் போட்டேன். "யார்கிட்டயும் சொல்லாத ரூபி" என்றேன். மூன்று வாரத்தில் ஆயிரத்து நூறு பேருக்குத் தெரிந்தது. சரிதா அதைக் குழுவில் படித்துத் தெரிந்துகொண்டாள், பெற்ற மகள். ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

எழுதக்கூடாத விஷயம் இருக்கிறதாம். ஊருக்கே என் வயிற்றுக் குழாயைக் காட்டியவளுக்கு எழுதக்கூடாத விஷயம் என்ன இருக்கிறது?

பை மாட்டினால் அரை மணி நேரம் அசையக்கூடாது. தூசி படக்கூடாதென்று அவர் ஜன்னலைச் சாத்திவிடுகிறார். விசிறியையும் நிறுத்திவிடுகிறார். ஒரு நாளைக்கு நாலு தடவை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முடிந்ததும் மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் செடிகளுக்கு நடுவில் இருக்கலாம் என்றுதான் இந்த வைத்தியத்துக்கே சம்மதித்தேன். வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கிற வைத்தியமும் இருந்தது. வீட்டில் இருக்கலாம் என்பதற்காக இதைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வீட்டை நீ வெறுமையாக்கிவிட்டாய்.

பத்து நாள்தான் இருக்கிறது.

அமுதவல்லி


லாஸ்பேட்டை
3.4.2025

அமுதவல்லி அக்கா,

மார்ச் கடைசி தாண்டிவிட்டது, தெரியும். திட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பன்னிரண்டு நாள், ஆபீஸ் முடிந்து, ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போனேன். செடி கொடுக்கும்போது இருந்த முகம் திரும்பக் கேட்கும்போது யாருக்கும் இல்லை. ஒரு வீட்டில் உங்கள் கத்தரியில் காய் பறித்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டுச் செடியைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் தொட்டி மட்டும் இருக்கிறது, உள்ளே அவர்கள் செடி. பிரண்டையை எடுத்தவர்கள் கிள்ளி நாலு தொட்டியாக்கி வைத்திருக்கிறார்கள், அதில் ஒன்றைக் கொடுக்கிறார்களாம், பெரிய மனசு. திருடி வைத்த செடிதான் தழைக்கும் என்று குழுவில் சிரிப்பார்களே, இப்போது அதையே என் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரிக்கிறார்கள்.

தனிஸ்லாஸ் ஐயா வீட்டுக்கு மூன்று தடவை போனேன். அவர்தான் உங்கள் எலுமிச்சை டிரம் வைத்திருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், கை நிறைய இருக்கிறது, ஒரு எலுமிச்சை வாங்க வழியில்லாதவர் இல்லை. "குடுக்கறப்ப செத்தவங்க சாமான் மாதிரிதானம்மா குடுத்தீங்க? இப்ப வந்து கேட்டா எப்படி? நான் வேர எல்லாம் தரையில எறக்கிட்டேன்" என்றார். கதவைச் சாத்துவதற்கு முன்னால் பிரெஞ்சில் நன்றி என்று ஒரு மெர்சி வேறு சொன்னார். எனக்கு அவர் மீது வந்த கோபம் பாதி வழியிலேயே என்மீது திரும்பிவிட்டது. அவர் சொன்னதில் என்ன தப்பு? சீட்டுக் குலுக்கிக் கொடுத்தவள் நான்.

நூற்று நாற்பத்து மூன்றில் முப்பத்தொன்று கிடைத்தது. முதல் தேதி சாயந்திரம் ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி உங்கள் தெரு வரைக்கும் வந்தேன். அப்போது உங்களுக்குப் பை மாட்டியிருக்கிற நேரம் என்று தெரிந்தது. தொந்தரவு பண்ண வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். இப்போது எங்கள் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் இருக்கின்றன. நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். மல்லி இரண்டும் துளிர்த்திருக்கிறது. மருதாணி பிழைக்குமா என்று தெரியவில்லை.

உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன். இதை நான் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும், இருந்தாலும் சொல்கிறேன்.

ரூபி


நெல்லித்தோப்பு
9.4.2025

ரூபி,

உடம்பு எப்படி இருக்கிறது என்று ஜாஸ்லினைக் கேட்டுக்கொள். அந்த லாஸ்பேட்டை காலேஜ் டீச்சர். என் நித்தியமல்லியில் முதல் பூ பூத்ததாம். படம் போட்டு, "அமுதவல்லி அம்மா நினைவாக" என்று எழுதியிருக்கிறாள். நான் குழுவை விட்டு வெளியேறிவிட்டேன் என்று உனக்குத் தெரியும், எனக்கு வேறொருத்தி அனுப்பினாள். நூற்றெழுபது பேர் "ஆழ்ந்த இரங்கல்" போட்டுவிட்டார்கள். அட்மின் நீ. அரை நாள் கழித்துத்தான் அழித்தாய். அந்த அரை நாளில் கம்பெனியில் என்னோடு லைனில் நின்ற மூன்று பேர் மாலையோடு வந்துவிட்டார்கள். கதவைத் திறந்தது நான். ஒருத்தி அங்கேயே மயங்கி உட்கார்ந்துவிட்டாள், அவளுக்கு நான் தண்ணீர் தெளித்தேன்.

இன்னொன்று. நீ எழுதிய லோடு ஆட்டோ கதை. முனையில் மளிகைக் கடை வைத்திருக்கிற பலராமன் பார்த்திருக்கிறார். ஆட்டோ தெரு வரைக்கும் இல்லை, எங்கள் வாசல் வரைக்கும் வந்திருக்கிறது. நீ இறங்கியிருக்கிறாய். பிறகு ஏறித் திரும்பியிருக்கிறாய். "உங்க செடிங்க மாதிரிதான் இருந்துச்சு, வாசல்ல நிறுத்திட்டு அப்படியே திருப்பி எடுத்துக்கினு போயிட்டாங்க" என்றார். எனக்குப் பை மாட்டுகிற நேரம் நாலு மணி. ஆட்டோ வந்தது ஆறரைக்கு. ஆறரைக்கு நான் நடுவீட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், நான் சாப்பிடக்கூடாத கீரை.

கொண்டுவந்து, வாசலில் நின்று, மனசு வராமல் திருப்பிக்கொண்டு போயிருக்கிறாய். மல்லி துளிர்த்திருக்கிறதாம். துளிர்க்கும், நான் போட்ட மண்.

ரூபி, நீ ஒரு திருடி. இதற்கு மேல் இதை நல்ல வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு உங்களுக்கு ஈஸ்டர். அதற்குள் செடிகள் வரவில்லை என்றால் உன் ஆபீஸ் மேலதிகாரிக்கும், உங்கள் பங்குச் சாமியாருக்கும், குழுவில் எல்லாருக்கும் எழுதுவேன். படுத்திருக்கிறவளின் மாடியைச் சூறையாடியவள் என்று எழுதுவேன். நான் எழுதினால் எல்லாரும் நம்புவார்கள். சாகப்போகிறவள் பொய் சொல்ல மாட்டாள் என்பார்கள்.

அமுதவல்லி


லாஸ்பேட்டை
15.4.2025

அக்கா,

புனித வாரம். நாளைக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறேன், அதில் இந்தக் கடிதத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். கொடுத்த வாக்கை மீறுகிறேன். மீறத்தான் போகிறேன். திருடி என்று எழுதிவிட்டீர்கள். ஏழு வருஷம் உங்கள் மாடியில் உட்கார்ந்து உங்கள் கையால் சாப்பிட்டவளை, ஒரு விதை எடுத்தால்கூடக் கேட்டு எடுத்தவளை, அந்த வார்த்தை சொல்லிவிட்டீர்கள்.

பிப்ரவரி இருபதாம் தேதி தணிகாசலம் அண்ணன் என் ஆபீசுக்கு வந்தார். உங்கள் வீட்டுக்காரர்தான். உள்ளே வரவில்லை, வண்டி நிறுத்துகிற இடத்தில் வெயிலில் நின்றுகொண்டு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். உங்களுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்துத்தான் ஓடினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"டாக்டரு சொல்லிட்டாரும்மா. வயித்துல குழாய் வெச்சிருக்கு, அதுல மண்ணு ஒரு துளி பட்டா சீழ் வெச்சி ஆளு போயிடும்னு. அவ வீட்டுக்கு வந்தா மாடிக்கு ஏறாம இருக்க மாட்டா. நீங்க உங்க ஆளுங்கள வெச்சி எல்லாத்தையும் எடுத்துக்கினு போயிடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க. தெனம் நாலு வாட்டி அவ என் கையில வயித்தக் குடுக்கணும். என்மேல கோவத்த வெச்சிக்கினு எப்படிக் குடுப்பா?"

அறுபது வயசு மனிதர், என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் சரி என்றேன். மாடிச் சாவியைக் கொடுத்ததும் அவர்தான். நாங்கள் குலுக்கியபோது கீழே நின்று டிரம்மை இறக்கக் கயிறு பிடித்ததும் அவர்தான். வீடியோவில் அவர் இல்லாததற்குக் காரணம், அவர் எடுக்க வேண்டாம் என்று சொன்னது.

முதல் தேதி முப்பத்தொரு தொட்டியோடு வந்தேன். வாசலில் அவர் நின்றார். "வேணாம்மா, எறக்காதீங்க, மறுபடியும் ஏறிடுவா" என்றார். உள்ளே நீங்கள் இருமுகிற சத்தம் கேட்டது. அவர் உதட்டில் விரல் வைத்தார். நான் திரும்பிவிட்டேன். உங்களுக்குப் பொய் எழுதினேன்.

இப்போது எழுதுங்கள், என் மேலதிகாரிக்கும் சாமியாருக்கும். கூடவே உங்கள் நடுவீட்டில் இருக்கிறவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஐம்பது நாளுக்கு மேல் நான் ஒருத்தியே இதைச் சுமந்தேன். எனக்கும் வலிக்கும் அக்கா. நோய் இல்லாதவளுக்கு வலிக்காது என்று யார் சொன்னது?

ரூபி


நெல்லித்தோப்பு
28.4.2025

ரூபி,

எனக்குத் தெரியும்.

மாடி ஏறிய அன்றே தெரியும். மாடி மொட்டையாகக் கிடக்கிறது என்று எழுதினேனே, ஒன்றை எழுதவில்லை. தரை முழுக்க வெள்ளைப் பூச்சு அடித்திருந்தது. வெயிலுக்கும் ஒழுகலுக்கும் அடிக்கிற பூச்சு. போன நவம்பர் புயல் மழையில் நடுவீட்டில் ஒழுகியதிலிருந்து எனக்கும் அவருக்கும் அதுதான் சண்டை. தொட்டிகளால்தான் ஒழுகுகிறது, எடு என்பார். மாட்டேன் என்பேன். அடுத்த வாரம் கொத்தனார் கன்னியப்பன் மீதி வேலைக்கு வந்தான். "ஐயா பொங்கலப்பவே சொல்லி வெச்சிட்டாரும்மா, செடிங்க எறங்கட்டும்னுதான் காத்திருந்தேன்" என்றான். பொங்கலுக்கு எனக்குக் கிட்னி போனது எனக்கே தெரியாது.

நர்சையும் கேட்டுவிட்டேன். வெறுங்கையோடு மண்ணைத் தொடாதே, கையுறை போடு, குழாய் மூடியிருக்கட்டும், மாடியில் செடி இருப்பதால் ஒன்றும் இல்லை என்றாள். டாக்டர் அவரிடமும் இதைத்தான் சொல்லியிருப்பார். பயத்தில் ஒன்றைப் பத்தாக எடுத்துக்கொண்டாரா, ஒழுகுகிற கூரைக்கு ஒரு சாக்குக் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டாரா, இரண்டுமா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேள்.

காலையில் ஆறு மணிக்கு எழுந்து அறையைத் துடைப்பார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, சத்தமாக எண்ணிக்கொண்டே கழுவுவார். முகத்தில் துணி கட்டுவார். மில்லில் நூல் பிடித்த கை, மரம் மாதிரி இருக்கும். அந்தக் கையால் என் வயிற்றுக் குழாயின் மூடியைத் திருகி எடுத்து, எதிலும் படாமல் பையைச் சேர்ப்பார். வெளியே வந்த தண்ணீர் பையை நியூஸ் பேப்பர் மேல் வைத்து, அதற்குள் எழுத்துத் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் சீழ் இல்லை. தலைப்பை வாய்விட்டுப் படிப்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் நீ. முப்பத்து நாலு வருஷத்தில் என்னை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

உன்மீது கோபப்பட என்னால் முடியும். நீ லாஸ்பேட்டையில் இருக்கிறாய், உன் கையில் என் உயிர் இல்லை. அவர்மீது கோபப்பட எனக்கு வசதி கிடையாது. ஆனால் கோபம் இருந்தது ரூபி, நிறைய இருந்தது, அதை எங்காவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டியிருந்தது. உன்னிடம் கொட்டினேன். தெரிந்தேதான் திருடி என்று எழுதினேன்.

அதற்காக உன்னை நல்லவள் என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. அவர் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். குலுக்கச் சொல்லவில்லை. சிரிக்கச் சொல்லவில்லை. ரகசியம் காத்ததாக எழுதியிருக்கிறாய். அவர் ரகசியத்தைக் காத்தாய், என் ரகசியத்தை மூன்று வாரத்தில் விற்றாய். எனக்காக நீ செய்தது எதிலும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை, டாக்டரும் அவரிடம்தான் பேசுகிறார். நான் நடுவில் வெறும் வயிறாகக் கிடக்கிறேன்.

இப்போது வேறு தொந்தரவு. உன் போன கடிதத்தைத் தபால்காரரிடம் வாங்கி என்னிடம் கொடுத்தது அவர்தான். பிரிக்கவில்லை. ஆனால் கனமான கவர், உன் கையெழுத்து. நான் படிப்பதை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். படித்து முடித்ததும் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. என் கண்ணைப் பார்ப்பதில்லை. பேப்பரை வாய்விட்டுப் படிப்பதில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிப் பை போடும்போது கை நடுங்கிக் குழாய் முனை போர்வையில் பட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டார்கள். நேற்றுத்தான் தண்ணீர் தெளிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டதோ என்ற பயம் அவரைத் தின்கிறது. அந்தக் கை இன்னொரு தடவை நடுங்கினால் நான் இல்லை.

ஆகவே ஒன்று செய். கவர் வேண்டாம், கார்டில் எழுது. அவர் படிக்க வேண்டும். என்ன எழுத வேண்டும் என்று உனக்குத் தெரியும். எழுதிவிட்டு இந்தப் பக்கம் வராதே. செடிகளை வைத்துக்கொள். மருதாணிக்குத் தினம் தண்ணீர் ஊற்றாதே, அழுகிவிடும்.

அமுதவல்லி


(அஞ்சலட்டை)

லாஸ்பேட்டை
4.5.2025

அமுதவல்லி அக்காவுக்கு,

உங்கள் தொட்டிகளை நானாகத்தான் எடுத்தேன். யாரும் சொல்லி எடுக்கவில்லை. தணிகாசலம் அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் சரி என்று சொல்லிவிட்டதாக அவரிடம் பொய் சொல்லித்தான் சாவி வாங்கினேன். போன கடிதத்தில் ஆறு பக்கம் எழுதியது எல்லாம் என் பக்கத்து நியாயம்தான், அதில் வேறு எதுவும் இல்லை. செடிகளைத் திருப்பித் தரப்போவதில்லை. குழுவிலும் இதையே எழுதிவிட்டு வெளியேறிவிட்டேன்.

அண்ணன் என்னைத் திட்டினால் நீங்களும் சேர்ந்து திட்டுங்கள்.

ரூபி